மரத்தின் மேல் போட்ட பழி

ஜெசிந்தா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது என் கையில் மைக் இருந்தது. பூங்காவுக்கு வந்திருப்பவர்களைத் தமிழில் வரவேற்று முடித்து, அதையே மலையாளத்தில் சொல்லத் தொடங்கும் நேரம். மேசை மேல் கிடந்த ஃபோனில் அவருடைய தங்கை ரோஸ்லினின் குரல் செய்தி வந்தது. "சாந்தாமணியக்கா, எங்க அக்கா போயிட்டா. காலையில ஃபாக்டரிக்குக் கெளம்பி நின்னா, நெஞ்சு அடைக்குன்னு உக்காந்தா, அவ்வளவுதான். நீங்க வருவீங்கல்லா?" வெளியே அலைக்குளத்துப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மலையாள அறிவிப்பை நான் சொல்லவில்லை. மைக்கை அணைத்துவிட்டு அழுதேன்.

மதியத்திற்குள் எங்கள் பூங்காவின் முகநூல் பக்கத்தில் அவருடைய படம் வந்துவிட்டது. 'எங்கள் குடும்பத்தின் மூத்த சகோதரி' என்று எழுதியிருந்தார்கள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. இந்தச் சகோதரியைத்தான் இதே குடும்பம் ஓர் ஓணத்துக்கு முன்னால் வாசலைக் காட்டி அனுப்பியது. அனுப்பியதோடு விட்டிருந்தாலும் தொலைகிறது என்று இருந்திருப்பேன். அவர் சொல்லிக் கட்டிய மர ரோலர் கோஸ்டர் கெட்டுப்போனது, சின்னப் பூங்காக்களுக்கு மரம் ஒத்துவராது, அந்தம்மா பேச்சைக் கேட்டு ஏமாந்தோம் என்று விசாரித்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தது. அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை அவர்கள் வாயாலேயே ஒரு தடவை மறுத்துச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர மேடம் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டது கிடைக்காமலே போய்விட்டார். அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும்.

மூணாற்றுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர் அவர். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா ஃபாக்டரியில் ஃபிட்டர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்து, வளைகுடா நாடுகளில் பெரிய பெரிய கேளிக்கைப் பூங்காக்களில் ராட்டினங்களையும் ரோலர் கோஸ்டர்களையும் பராமரிக்கும் வேலையில் வருடக்கணக்காக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "எனக்கு வந்த மாப்பிள்ளைக எல்லாம் பிரேக் இல்லாத வண்டி புள்ள. ஏறுனா யாரு நிறுத்துறது?" என்றார். அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகவே ஊர் திரும்பி, மூணாற்றுக்குப் போய்வரும் தூரத்தில் வேலை தேடி எங்களிடம் வந்தார்.

எங்கள் பூங்கா பாலக்காட்டுப் பக்கம், சித்தூருக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. சின்னது. அலைக்குளம், ஜெயன்ட் வீல், மோதுகிற கார்கள், ஒரு பேய்வீடு. அந்தப் பேய்வீட்டைப் பார்த்துப் பேய்கூடப் பயப்படாது. மேடம் சேர்ந்த முதல் நாள் முதலாளி இளநீர் வெட்டிக் கையில் கொடுத்தார். அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு மேடம் நேராக ஜெயன்ட் வீலுக்கு அடியில் போனார். சுற்றி வந்து ஆபரேட்டரைக் கேட்டார், "இதுல உங்க பிள்ளையை ஏத்துவீங்களா?" அவர் தலையைச் சொறிந்தார். "அப்பம் ஊரான் பிள்ளையை மட்டும் எப்படி ஏத்துதீங்க?" என்று கேட்டு, அன்றைக்கே வீலை நிறுத்திவிட்டார். முதலாளி கையில் அடுத்த இளநீரோடு நின்றுகொண்டிருந்தார்.

நல்ல குணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் காந்தாரி மிளகாய்தான். பாராட்டு என்பதே அவர் வாயில் வராது. 'பயமில்லாத இனிய பயணம்' என்று நான் மைக்கில் சொன்னதைக் கேட்டுவிட்டு அறைக்கே வந்து திட்டினார். "பயமில்லைன்னா எதுக்கு ஏறுவாங்க? ஆபத்தில்லைன்னு சொல்லு. பயம் வேற, ஆபத்து வேற. பயத்தை விக்கோம், ஆபத்தை விக்கல." அறையில் இருந்தவர்கள் முன்னால் திட்டினாரே என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அறிவிப்பை மாற்றிக்கொண்டேன்.

கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வந்துகொண்டிருந்த பள்ளிக்கூட பஸ்கள் பெரிய பூங்காக்கள் பக்கம் திரும்பிவிட்ட காலம் அது. முதலாளி எங்கேயோ மூடப்பட்ட ஒரு பூங்காவில் கிடந்த உயரமான இரும்பு ரோலர் கோஸ்டரின் படத்தோடு வந்தார். அதை வாங்கி வந்து நிறுத்திவிட்டால் கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும் என்பது அவருடைய கணக்கு. மேடம் படத்தைப் பார்த்துவிட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்தார்.

"இதை நிறுத்த நமக்கு இடம் கெடையாது சார். இடத்துக்குத் தக்கன வெட்டிக் குட்டையாக்குனா வழுக்கிக்கிட்டு வந்து நின்னுரும். ஒருத்தரும் ரெண்டாந்தரம் ஏற மாட்டாங்க. இரும்புக்கு உயரம் வேணும். மரத்துக்கு வேண்டாம்."

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சின்ன இடத்தில் உயரத்தைக் காட்டி மிரட்ட முடியாது. ஆனால் மரத்தால் கட்டினால் பாதையைத் தன் மேலேயே மடித்து மடித்துக் கொண்டுபோகலாம். வண்டி தன்னுடைய தூண்களுக்கு ஊடாகவே புகுந்து வரும். தலைக்கு மேல் உத்தரம் வந்து இடித்துவிடும் போலிருக்கும், இடிக்காது. சட்டங்கள் கடகடக்கும், இருக்கை உதறும், உள்ள வேகம் இரண்டு மடங்காகத் தெரியும். உயரம் குறைவு என்பதால் அப்பாவும் ஏறலாம், பத்து வயது மகளும் ஏறலாம். குடும்பத்தோடு வரும் சின்னப் பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்றார்.

முதலாளி விடவில்லை. "ஏனுங்க மேடம், மரத்துல பண்ணுனா கறையான் அரிச்சுப் போடாதுங்களா? நம்மூரு மழைக்கு நிக்குமுங்களா?"

"நிக்கும், மருந்து ஏத்துன மரம். ஆனா பாக்கணும். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், இந்தக் கணவாய்க் காத்துக்குக் காஞ்சு போல்ட்டு தளரும். தெனமும் காலையில ஒருத்தர் பாதை முழுக்க நடந்து பாக்கணும். அதுக்கு ஆள் போட மாட்டீங்கன்னா இப்பமே சொல்லிருங்க, நான் வாயை மூடிக்கிடுதேன்."

"ஆள் போட்டர்லாமுங்க. ஆடுமுங்களா?"

"ஆடும். ஆடத்தான் செய்யும். ஆடுனாத்தான் வார வேகத்தை எல்லா மரமும் பங்கு போட்டுக்கிடும். கல்பாத்தித் தேர் ஆடாமலா போகுது? அதைப் பாத்து யாராச்சும் சாயப் போகுதுன்னு ஓடுதாங்களா? கையெடுத்துல்லா கும்பிடுதாங்க!"

சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் ஒருத்தி தேரைச் சொல்லி மடக்கியதில் முதலாளிக்கு ஏகச் சந்தோஷம். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அந்தச் சிரிப்பை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆடும் என்று தெரிந்தே சம்மதித்தார் என்பதற்கு நான் சாட்சி.

வெளிநாட்டிலிருந்து வரைபடம் வந்தது. நம்மூர்த் தச்சர்கள் கட்டினார்கள். மக்கள் அதற்கு 'மர ரயில்' என்று பெயர் வைத்தார்கள். போன பஸ்கள் திரும்பி வந்தன. சித்தூர் கல்லூரிப் பெண்கள் சனிக்கிழமைதோறும் வந்து தொண்டை கட்டும் வரை கத்திவிட்டுப் போனார்கள். காலையில் முதல் வண்டி காலியாகப் போகும், இரண்டாவதில் கடைசி இருக்கையில் மேடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து போவார். மரத்தின் சத்தத்தைக் கேட்கத்தான் கண்ணை மூடுவாராம். ஒருநாள் என்னையும் இழுத்து உட்கார வைத்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். "கத்து புள்ள! கத்துனாத்தான் பயம் வெளிய போகும்!" என்று காதருகில் அவர் கத்தினார். நானும் கத்தினேன். இறங்கியபோது என் சேலைத் தலைப்பு அவர் கையில் கசங்கிக் கிடந்தது. பயந்தது நான் மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொன்னதற்கு, "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு" என்றார்.

இப்படியே இரண்டு மழைக்காலம் போனது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கீழே நின்று வீடியோ எடுத்தான். வண்டி வளைவில் திரும்பும்போது தூண்கள் அசைவது அதில் தெரிந்தது. 'சித்தூர்ப் பக்கத்தில் ஆடும் மரணப் பாதை' என்று தலைப்புப் போட்டு முகநூலில் விட்டுவிட்டான். கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர்கள் முதலாளியைக் கேலி செய்தார்கள். "உங்க மர ரயிலு ஆடுதாமா? ஊட்டுத் தூணு ஆடுனா நாங்கெல்லாம் குடியிருக்க மாட்டோமுங்க." அதுதான் முதலாளிக்குத் தைத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அரிசி மில்லுக்கு இரும்பு ஷெட் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு. ஆடிக் காற்றே வந்தாலும் நான் போட்ட ஷெட் அசையாது என்பார்கள். முதலாளியின் மைத்துனர் அந்தத் தொழில். "நானிருக்கீல நீங்க எதுக்கு மாமா கவலப்படறீங்க?" என்று வந்து நின்றார்.

அந்தச் சமயம் பார்த்து மேடத்தின் அம்மாவுக்கு உடம்பு மோசமாகி அவர் எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய வளைவின் தூண்களுக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பிகளையும் ஆங்கிள்களையும் வைத்து முடுக்கியிருந்தார்கள். தூண்களின் கால்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் காங்கிரீட் போட்டு இறுக்கியிருந்தார்கள். தேங்காய் உடைத்துப் பூசையும் ஆயிற்று. தள்ளிப் பார்த்தால் தூண் அசையவில்லை. முதலாளி ஒவ்வொருவராகக் கூட்டிப்போய்த் தள்ளிக் காட்டினார். நான் சொல்லிப் பார்த்தேன். "மேடம் வரட்டும்ங்க, அவங்கள ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வண்டிய உடலாமுங்க." மைத்துனர் என்னைப் பார்த்து, "நீங்க மைக்கப் பாருங்க, போதும்" என்றார்.

மேடம் வந்தார். கைப்பையைக்கூட வைக்காமல் வளைவுக்கு அடியில் போய் நின்றார். ஒரு தூணில் கையை வைத்து, மேலே வெறும் வண்டியை ஓட்டச் சொன்னார். கையை எடுத்தார். என்னிடம் வந்து, "இன்னைக்கு மர ரயில் கெடையாதுன்னு சொல்லு" என்றார். ஓணத்துக்கு முந்தைய நாள். வாசலில் கூட்டம் முட்டிக்கொண்டு நின்றது. நான் அறிவித்தேன். முதலாளி ஓடி வந்தார்.

"பண்டிகை முடியட்டும்ங்க மேடம். அப்பறம் என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாமுங்க."

"இப்பம் நிறுத்தணும். ஆடுத மரத்தைக் கட்டிப்போட்டாச்சு. எல்லா மரமும் வாங்குன அடியை இப்பம் கம்பி முடியுத இடத்துல ஒத்த மரம் வாங்குது. அது பொளக்கும்."

"யாராச்சும் விழுந்தாங்களா? ஒரு கீறல் உண்டுங்களா?"

"விழுந்த பொறவு சொல்லதுக்கு நான் எதுக்கு? அதுக்குப் போலீஸ் இருக்கு."

வண்டி கிளம்பும் மேடையின் கதவை மறித்து நின்றுவிட்டார். முதலாளி சொல்லிக் கதவுச் சங்கிலியைக் கழற்ற வந்த ஆளைப் பார்த்து, "தொடு பாப்போம்" என்றார். அவன் தொடவில்லை. அத்தனை கூட்டத்தின் முன்னால் முதலாளிக்கு அவமானமாகப் போய்விட்டது. "நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க" என்றார். மேடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஆளை ஏற்றுவதற்கு முன்னால் மணல் மூட்டையை ஏற்றி ஓட்டிப் பாருங்கள் என்றார். ஆபரேட்டர்கள் எல்லாரும் அதற்கு ஒத்துக்கொண்டதால் முதலாளியால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் மணல் மூட்டைகளை வைத்து ஓட்டினார்கள். சில சுற்றுகள்தான் போயிருக்கும். வெடி போட்டது போல ஒரு சத்தம் வந்தது. கம்பிகள் முடிகிற இடத்தில், மேடம் சொன்ன அதே இடத்தில், ஒரு தூண் நெடுக்காகப் பிளந்து நின்றது. அன்று அந்த வண்டியில் மணலுக்குப் பதில் பிள்ளைகள் இருந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

இதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? பிளந்த தூணைச் சுற்றி வந்து முதலாளி சொன்ன முதல் வார்த்தையே, "பாத்தீங்களா, மரம் பொளந்துருச்சு" என்பதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கம்பியை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்து எடுத்துவிட்டார்கள். பிறகு பார்க்க வந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பிளந்த மரம் மட்டும்தான். நம் ஊர் மழைக்கும் வெயிலுக்கும் மரம் ஆகாது, வெளிநாட்டில் பார்த்ததை அந்தம்மா இங்கே கொண்டுவந்து திணித்துவிட்டார் என்ற கதை பாலக்காடு முழுக்கப் பரவியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மேடம் சொன்னபடி நடந்ததே மேடத்துக்கு எதிரான சாட்சியாகிவிட்ட கூத்தை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. விசாரித்த ஒவ்வொருவரிடமும் நான் உண்மையைச் சொன்னேன். மைக் பிடிக்கிறவள் பேச்சை யார் எடுப்பார்கள்?

மர ரயிலைப் பிரித்தார்கள். அதன் மரத்தில் கேன்டீனுக்குப் பெஞ்சுகள் செய்தார்கள். அந்தப் பெஞ்சுகள் இன்றைக்கும் மழையிலும் வெயிலிலும் வெளியேதான் கிடக்கின்றன. ஒன்றும் உளுத்துப்போகவில்லை, கறையான் தொடவில்லை. மரம் ஆகாது என்று சொல்கிறவர்களே அதில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறார்கள். சின்னப் பூங்காவுக்கு மர ரோலர் கோஸ்டர் ஒத்துவருமா என்று யாராவது என்னைக் கேட்டால் ஒத்துவரும் என்றே சொல்வேன். நாள்தோறும் நடந்து பார்க்க மனசிருக்க வேண்டும், தெரிந்தவர் சொன்னால் கேட்கக் காதிருக்க வேண்டும். இது இரண்டும் இல்லாதவர்களுக்கு மரமும் ஒத்துவராது, இரும்பும் ஒத்துவராது.

மேடம் எஸ்டேட்டுக்கே திரும்பி, தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து உருட்டும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். அங்கே மூணாற்றுச் சாலையில் புதிதாக ஒரு சின்னப் பூங்கா வரப்போவது தெரிந்து, அவர்களிடம் போய்ப் பேசியிருக்கிறார். மலைச்சரிவையே பாதையின் முதல் இறக்கமாக வைத்து ஒரு குட்டி மர ரயில். அவர்களுக்கும் பிடித்துவிட்டது. இடத்தை அளந்து முளைக்குச்சி அடிக்கிற வரைக்கும் வந்த பிறகு, எதற்கும் கேட்டுவைப்போம் என்று எங்கள் முதலாளிக்கு ஃபோன் செய்திருக்கிறார்கள். அவர் அதே கதையைச் சொல்ல, அதோடு முடிந்தது.

நான் அவரைப் பார்க்கப் போனது அதற்குப் பிறகுதான். பஸ் பிடித்து, ஜீப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். லயத்து வாசலில் ஸ்வெட்டரோடு நின்றிருந்தார். நான் கொண்டுபோன முறுக்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இதை வச்சே மலையில பாறை ஒடைக்கலாம் போல புள்ள" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினார்.

"உங்க முதலாளிக்கு நானே ஃபோன் போட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க, மரத்துல கொறை இல்லைன்னு மட்டும் அவங்கட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன். கெஞ்சினேன் புள்ள. நான் யாருகிட்டயும் கெஞ்சினவ இல்ல."

"என்னுங்க மேடம் சொன்னாரு?"

"பழசை எதுக்குங்க கிளறிக்கிட்டுன்னாரு." கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார். "என்னைத் திட்டட்டும். நான் கோவக்காரி, திட்டத்தான் செய்வாங்க. மரத்தைத் திட்டுதாங்களே, அதைத்தான் தாங்க முடியல. அது என்ன பண்ணுச்சு?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடக்கத்துக்கு நானும் பழைய ஆபரேட்டர்கள் சிலரும் போயிருந்தோம். எஸ்டேட் மாதா கோயிலுக்குப் பின்னால் தேயிலைக்கு நடுவில் கல்லறைத் தோட்டம். தூறல் விட்டு விட்டு விழுந்தது. முதலாளியும் வந்தார், பெரிய மலர்வளையத்தோடு காரில். அதற்கு மட்டும் குறைச்சல் இல்லை. பழைய முதலாளி என்று மரியாதை வைத்து ஃபாதர் அவரை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "நெம்ப நேர்மையானவங்க. உழைப்பாளிங்க. இந்த மாதிரி ஒருத்தர் இனிக் கெடைக்க மாட்டாங்க" என்றார். நல்ல கெட்டியான குரலில் சொன்னார். மர ரயிலைப் பற்றி மூச்சு இல்லை.

பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட வரிசையில் நின்றபோது முதலாளி எனக்குப் பக்கத்தில் இருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை. "ஏனுங்க முதலாளி, இப்பவாச்சும் சொல்லுங்க. கொற மரத்துலயா, கம்பியிலயா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "கம்பிலதானுங்க. எனக்குத் தெரியாதுங்களா? அன்னைக்கே தெரியுமுங்க. ஒத்துக்கிட்டிருந்தா லைசன்ஸ் போயிருக்கும், மச்சானயும் உட்டுக் குடுக்க முடியாதில்லீங்க." பிறகு, "இத யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

எனக்கு முன்னால் நின்ற ரோஸ்லின் திரும்பி, "என்னக்கா சொல்லுதாரு?" என்று கேட்டார். நான் குரலைத் தாழ்த்தவில்லை. "உங்க அக்கா கட்டுன மரத்துல ஒரு கொறையும் இல்லையாமா. கம்பிலதான் கொறையாமா. அவருக்கு அன்னைக்கே தெரியுமாமா" என்றேன். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். மண்வெட்டியோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். முதலாளி கையிலிருந்த மண்ணைப் போடாமலே காரைப் பார்த்து நடந்தார்.

ரோஸ்லின் குழி ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். உள்ளே குனிந்து, "கேட்டியாக்கா? சொல்லிட்டாருக்கா. கேட்டியா?" என்றார்.

கேட்டிருக்காது, மேடம். கேட்காது என்று தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷன் அத்தனை வருஷம் காத்திருந்து சொன்னார். போய் வாருங்கள்.